நாற்பது கடை, நாலு வித ஓஎஸ், ஒரே பில்லிங் மென்பொருள்

கேள்வி: ஈரோட்டில் 2004 முதல் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறேன். தனி ஆள்தான். விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. டேட்டா எல்லாம் ஆக்சஸ் ஃபைலில், தமிழ் எல்லாம் பாமினி எழுத்துருவில். இன்று 40 கடைகளில் ஓடுகிறது. சிலரிடம் இன்னும் விண்டோஸ் 7, பலரிடம் 10, புதிதாக வாங்கியவர்களிடம் 11. ஒரு கடைக்காரரின் மகள் தன் மேக்புக்கில் விற்பனைக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் பழைய கணினிகளில் உபுண்டு லினக்ஸ் போட்டுவிட்டார். கணினி மாற்றிய கடைகளில் விசித்திரமான பிரச்னைகள் வேறு. ஒரு கடையில் வேறு யூசராக உள்ளே போனால் பழைய கணக்கு வந்து நிற்கிறது. இன்னொரு கடையில் சில தேதிகளின் பில்கள் மட்டும் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எல்லாவற்றிலும் ஓடும்படி மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாமா? எந்த மொழியில் எழுதுவது? மூலநிரலும் விபி6-உம் என்னுடைய பழைய எக்ஸ்பி கணினி ஒன்றில்தான் இருக்கின்றன.

பதில்:

அன்பு நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 20 வருட உழைப்பு ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. மற்ற எதையும் யோசிக்கும் முன், மூலநிரல், நீங்கள் பயன்படுத்திய ஓசிஎக்ஸ் கன்ட்ரோல்கள் (திரையில் சேர்க்கும் ஆயத்த உறுப்புகள்), அவற்றின் உரிமக் கோப்புகள், விபி6 நிறுவும் சிடி என எல்லாவற்றையும் இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். முடிந்தால் அந்த எக்ஸ்பி கணினியின் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரு மெய்நிகர் கணினியாக (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியாக) மாற்றி வைத்துவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளிலேயே அது ஓடும். அப்புறம் மூலநிரலை, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளில் ஏற்றுங்கள். இதைச் செய்து முடித்த பிறகு மீதியைப் படித்தாலும் போதும்.

மொத்தமாகப் புதிதாக எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். அதற்கான அவசரமும் இல்லை. விபி6 வந்தது 1998-இல். அதில் நிரல் எழுதும் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் விபி6 புரோகிராம்களை ஓட வைக்கும் அடிப்படை நூலகக் கோப்பு (டிஎல்எல்) விண்டோஸ் 11-உடனும் சேர்ந்தே வருகிறது. அந்த விண்டோஸ் ஆதரவில் இருக்கும்வரை அதுவும் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. 32-பிட் புரோகிராம்களை 64-பிட் விண்டோஸ் தனி அடுக்கு ஒன்றின் வழியாக ஓட்டுகிறது. ஆகவே உங்கள் 40 கடைகளில் எதுவும் நாளைக்கே நின்றுவிடாது. நின்றால் கிரிட், காலண்டர் போன்ற கூடுதல் ஓசிஎக்ஸ்களால்தான் நிற்கும். அவை விண்டோஸுடன் வருவதில்லை. உங்கள் நிறுவிதான் அவற்றைக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விசித்திரங்களும் விபி6-இன் வயதால் வந்தவை அல்ல. இதே பழக்கங்களோடு நாளைக்கே வேறு மொழியில் எழுதினாலும் அவை கூடவே வரும். அவற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பல ஓஎஸ்களில் ஓடும் மென்பொருள் எழுதுவதன் பெரும்பகுதிப் பாடம் அந்த இரண்டிலேயே இருக்கிறது.

முதலில் பழைய கணக்கு. உங்கள் ஆக்சஸ் ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள், எக்ஸிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஊகிக்கிறேன். எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் அட்மினாகவே வேலை செய்ததால் அது பிரச்னையே இல்லாமல் ஓடியது. விஸ்டாவிலிருந்து சாதாரண யூசர் அந்த ஃபோல்டரில் எழுத முடியாது. ஆனால் எழுத முயலும் பழைய புரோகிராம்களெல்லாம் உடைந்துவிடக் கூடாது என்று விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்தது. மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன தேவை என்று புரோகிராம் விண்டோஸிடம் சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் புரோகிராம் அங்கே எழுதப் போனால், அந்த ஃபைலின் பிரதி ஒன்றை அந்த யூசருடைய சொந்த ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் சத்தமில்லாமல் உருவாக்கி, அதில் எழுத விடுகிறது. உங்கள் புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. வேறு யூசர் உள்ளே வந்தால் அவருக்குத் தெரிவது புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் மூல ஃபைல். கணினி மாற்றிய அன்று நீங்கள் காப்பி செய்து வைத்த நிலையிலேயே அது நிற்கும். "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று ஒருநாள் யாராவது திறந்தாலும் இதேதான் நடக்கும். அன்றைய பில்கள் வேறு ஃபைலில் போய் விழும்.

இதில் நான் உண்மையாகவே கவலைப்படுவது பேக்கப்பைப் பற்றி. கடைக்காரர் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து டேட்டாவைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்கிறவராக இருந்தால், அவர் பல மாதங்களாகப் பழைய ஃபைலைத்தான் காப்பி எடுத்துக்கொண்டிருப்பார். எக்ஸ்ப்ளோரருக்கு இந்தத் திசைதிருப்பல் கிடையாது. அதனால் இந்த வாரமே கடை கடையாகப் பாருங்கள். ஒவ்வொரு யூசரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் வரை உள்ளே போய், எந்தப் பிரதியில் கடைசி பில் இருக்கிறது என்று தேடுங்கள். அது தெரியும்வரை எந்த யூசர் கணக்கையும் அழிக்க வேண்டாம். பிறகு டேட்டாவை புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்கோ தனி ஃபோல்டருக்கோ நகர்த்துங்கள். புரோகிராம்டேட்டாவில் ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் மாற்ற இயல்பாக அனுமதி இருக்காது. அந்த அனுமதியை நிறுவியே கொடுக்க வேண்டும். எல்லாம் நகர்த்திய பிறகு எக்ஸிக்கு ஒரு மேனிஃபெஸ்ட் சேருங்கள். அதன்பின் திசைதிருப்பல் நடக்காது. எங்காவது தவறான இடத்தில் எழுதப் போனால் வெளிப்படையாகப் பிழை வரும். அப்படி வருவதுதான் நமக்கு நல்லது.

அடுத்தது தேதி. புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுவியவர் மொழி, நாடு கேட்ட இடத்தில் "இங்கிலிஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்று விட்டிருப்பார். விபி6-இல் எழுத்தாக இருக்கும் தேதியைத் தேதியாக மாற்றும்போது அது விண்டோஸின் நாட்டு அமைப்பைப் பார்க்கிறது. 03/04/2025 என்று எழுதினால் நம் அமைப்பில் ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. ஆனால் 13/04/2025 என்று வந்தால் 13-ஆம் மாதம் கிடையாதே, அதனால் விபி6 தானாகவே இரண்டையும் மாற்றிப் போட்டு ஏப்ரல் 13 என்று சரியாக எடுத்துக்கொள்கிறது. பிழை என்று சொல்லவும் சொல்லாது. மாதத்தின் முதல் 12 நாள் பில்கள் மட்டும் அலைவதும், மீதி நாட்களில் எல்லாம் ஒழுங்காக இருப்பதும் இதனால்தான். இதற்கு மேல் ஆக்சஸ் ஃபைலைப் படித்து எழுதும் ஜெட் இன்ஜின் வேறு. டேட்டாவைக் கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் எழுதப்படும் தேதியை, நாட்டு அமைப்பு எதுவாக இருந்தாலும், அது மாதம் முதலில் என்றே படிக்கும்.

இதற்கு ஒரே வழிதான். திரையில் எப்படிக் காட்டினாலும் சரி, உள்ளே சேமிப்பதும் அனுப்புவதும் எப்போதும் 2025-04-03 என்ற வரிசையில் இருக்கட்டும். ஆண்டு, மாதம், நாள். எந்த ஓஎஸ்ஸிலும் எந்த நாட்டு அமைப்பிலும் அதை இரண்டு விதமாகப் படிக்க முடியாது. ஏற்கெனவே தவறிப்போன பில்களைக் கண்டுபிடிப்பதும் சுலபம். பில் எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஏப்ரலாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் மார்ச்சிலோ நவம்பரிலோ நின்றால் அதுதான் புரண்டது. ஏப்ரல் 4, மே 5 போல நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் தேதிகள் மட்டும் புரண்டாலும் ஒன்றுதான், அவற்றைத் தேட வேண்டாம்.

இந்த இரண்டிலும் உங்கள் வியாபாரக் கணக்கில் ஒரு தவறும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விலை, தள்ளுபடி, வரி, ஸ்டாக் எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். புரோகிராம் கணினியைத் தொடுகிற இடங்களில்தான் உடைகிறது. ஃபைல் எங்கே இருக்கிறது, தேதி எப்படி எழுதப்படுகிறது, எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது, பிரிண்டருக்கு எப்படி அனுப்புகிறோம், இது எந்த விண்டோஸ் என்று எப்படிக் கேட்கிறோம் என்கிற இடங்கள். ஓஎஸ் மாறும்போதும் பதிப்பு மாறும்போதும் மாறுவது இவைதான். எந்த மொழியில் எழுதினாலும் இந்த இடங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, கணக்குப் போடும் பகுதியை அவற்றைத் தொடாமல் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் நிரலில் பில் போடும் பட்டனுக்குள்ளேயே வரிக் கணக்கும், ஆக்சஸில் எழுதுவதும், பிரிண்ட் செய்வதும் ஒன்றாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து விபி6 நிரல் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் அதைப் பிரியுங்கள். இதை விபி6-க்குள்ளேயே செய்யலாம்.

எந்த விண்டோஸ் என்று கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நிரலில் எங்காவது பதிப்பு எண்ணைச் சோதித்திருந்தால் எடுத்துவிடுங்கள். எக்ஸ்பியின் உள் எண் 5.1. "பெரிய எண் 5-க்குக் குறையாமல், சின்ன எண் 1-க்குக் குறையாமல் இருந்தால் சரி" என்று எழுதி வைத்தவர்களின் புரோகிராம்கள், விஸ்டா 6.0 என்று வந்தபோது அதில் ஓட மறுத்தன. 8.1 முதல், மேனிஃபெஸ்டில் சொல்லாத புரோகிராம்களுக்கு விண்டோஸ் தன்னை 6.2 என்றே சொல்லிக்கொள்கிறது. விண்டோஸ் 11-உம் உள்ளே 10.0 தான். பில்ட் எண் 22000-க்குக் குறையாமல் இருப்பதை வைத்துத்தான் அதைப் பிரிக்க முடியும். உங்களுக்குத் தேவையான வசதி அந்தக் கணினியில் இருக்கிறதா என்று நேரடியாகச் சோதித்துப் பாருங்கள். எண்ணை நம்ப வேண்டாம்.

சரி, தமிழுக்கு வருவோம். உங்கள் வேலையில் கடினமான பகுதி இதுதான், யாரும் எச்சரிக்காமல் விடும் பகுதியும் இதுதான்.

பாமினியில் சேமித்த தமிழ் உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும். மேக்புக்கிலோ போனிலோ திறந்தால் குப்பையாகத் தெரியும். பழைய புரோகிராம்களுக்காக விண்டோஸ் இயல்பாகப் பயன்படுத்தும் கோட் பேஜ் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய பாணிப் பட்டியல்) தமிழுக்கென்று கிடையாது, யூனிகோட் மட்டும்தான். விபி6-இன் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ்களோ யூனிகோடைக் காட்டத் தெரியாதவை, தமிழை யூனிகோடில் கொடுத்தால் கேள்விக்குறிகளாக்கிவிடும். எனவே அன்று நீங்கள் பாமினியைத் தேர்ந்தது நியாயமான முடிவு. இன்று ஓஎஸ் கடந்து போக வேண்டுமானால் யூனிகோடுக்கு மாறியே ஆக வேண்டும்.

மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் முடிவைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படுகிறது, யூனிகோடில் பின்னால் சேமிக்கப்படுகிறது. இந்த வரிசை மாற்றத்தைப் பெரும்பாலான நிரல்கள் சரியாகவே செய்கின்றன. சறுக்குவது வேறோர் இடத்தில். பாமினியில் "கௌ" என்பதன் வலப்பக்கக் குறிக்கும் "ள" எழுத்துக்கும் ஒரே தட்டல்தான். அதனால் "வெளியூர்" என்ற சொல்லை, கொம்பும் ளகரமும் சேர்ந்த ஔகாரம் என்று நினைத்து "வௌியூர்" ஆக்கிவிடும் நிரல்கள் உண்டு. "வெள்ளை வேட்டி" "வௌ்ளை வேட்டி" ஆகிவிடும். திரையில் பார்த்தால் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். ஆனால் வெள்ளை என்று தேடினால் ஒரு வேட்டியும் கிடைக்காது. ஜவுளிக் கடையில் வெள்ளை வேட்டி கிடைக்காத ஸ்டாக் பட்டியலை வைத்து என்ன செய்வது? மாற்றிய பிறகு ஔகாரக் குறி வரும் எல்லாச் சொற்களையும் தனியாகப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கௌசல்யா, சௌந்தரம் போன்ற உண்மையான ஔகாரங்கள் குறைவாகவே இருக்கும். ஓர் உட்காரலில் முடிந்துவிடும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "கொ" என்பதை க-வோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. ஆனால் டேட்டாபேஸ் அப்படி நினைக்காது, இரண்டையும் வேறு சொல்லாகப் பார்க்கும். மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு ஃபைல் பெயர்களைப் பிரித்தே சேமித்துவந்தது. ஆகவே உள்ளே வரும் தமிழ் எதுவானாலும் சேமிக்கும் முன், குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்றைய நிரல் மொழிகள் பெரும்பாலானவற்றில் இதற்கு ஒரு வரி நிரல் உண்டு. அகர வரிசையையும் டேட்டாபேஸிடம் விட்டுவிடாதீர்கள். யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து நிற்கிறது, நம் வரிசையில் அது கடைசி. பல மொழிகளின் அகர வரிசை தெரிந்த ஐசியு நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தினால் எல்லா ஓஎஸ்ஸிலும் ஒரே மாதிரி வரும்.

எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கட்டிப்போடுவதும் ஆபத்து. விண்டோஸ் 7-இல் இயல்பாக இருந்த லதா, விண்டோஸ் 10-இல் தனியாகச் சேர்க்க வேண்டிய கூடுதல் எழுத்துருக்களுக்குள் போய்விட்டது. இப்போது இயல்பாக இருப்பது நிர்மலா யுஐ. மேக்கில் இணைமதியும் தமிழ் சங்கம் எம்என்னும் உண்டு, லினக்ஸில் பெரும்பாலும் லோஹித் அல்லது நோட்டோ. ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒரு கணினியில் அழகாக அமைந்த ரிப்போர்ட் இன்னொன்றில் வரி மடிந்து நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, அதை உங்கள் மென்பொருளுடனேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இனி மேக்புக்கும் உபுண்டுவும். மகளுக்கு வேண்டியது பில் போடும் புரோகிராம் அல்ல, விற்பனைக் கணக்கு. அதற்காக மேக் செயலி எழுதப் போகாதீர்கள். ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, ஒவ்வொரு வெளியீட்டையும் அவர்களிடம் அனுப்பிச் சரிபார்ப்பு முத்திரை வாங்கினால்தான் மேக் எச்சரிக்கை காட்டாமல் திறக்கும். இன்டெல் மேக், 2020 இறுதி முதல் வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக் என இரண்டு வகை வேறு. ஒருவருக்காக இத்தனையும் தேவையில்லை. எல்லா ஓஎஸ்ஸிலும் ஏற்கெனவே இருக்கும் ஒன்று பிரவுசர்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். கடையின் முதன்மைக் கணினியில் ஒரு சிறிய சர்வர் புரோகிராம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஆக்சஸ் ஃபைலிலிருந்து புதிய பில்களைப் படித்து, தமிழை யூனிகோடாக்கி, எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் ஃபைல் ஒன்றில் எழுதும். ரிப்போர்ட்டுகளை வலைப்பக்கங்களாகக் கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் காட்டும். மேக்கிலும், உபுண்டுவிலும், முதலாளியின் போனிலும் அதே பக்கம் திறக்கும். இந்தக் கட்டத்தில் ஓட்டம் ஒரு திசையில் மட்டும் இருக்க வேண்டும். புதியது பழையதிலிருந்து படிக்கும், பழையதில் ஒருபோதும் எழுதாது. தவறு நடந்தால் புதிய ஃபைலை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம், கடையின் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள், விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் கொடுங்கள்.

எஸ்க்யூலைட்டை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் ஃபைலை விண்டோஸிலிருந்து எடுத்து மேக்கிலோ லினக்ஸிலோ அப்படியே திறக்கலாம், 32-பிட், 64-பிட் வித்தியாசமும் இல்லை. 2050 வரை ஆதரிப்பதாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆக்சஸ் ஃபைலைப் போல நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டு இரண்டு கவுண்டர்கள் நேரடியாகத் திறக்கக் கூடாது. நெட்வொர்க் ஃபோல்டர்களில் ஃபைல் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது, டேட்டா சிதையும். சர்வர் புரோகிராம் மட்டும்தான் அந்த ஃபைலைத் தொட வேண்டும். மற்ற எல்லோரும் சர்வரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

மொழி எது? விபி6-இலிருந்து வரும் உங்களுக்கு சி ஷார்ப் பழக எளிது. அதை ஓட வைக்கும் இன்றைய டாட்நெட் மூன்று ஓஎஸ்ஸிலும் ஓடும், ரன்டைமையும் உள்ளே சேர்த்து ஒரே ஃபோல்டராகக் கொடுக்கலாம், கடையில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பைத்தான், கோ இவற்றில் உங்களுக்குப் பழக்கம் இருந்தால் அவையும் நல்லவையே. எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஜெட் டிரைவருக்கு 64-பிட் பதிப்பு கிடையாது. ஆக்சஸ் ஃபைலைப் படிக்கும் பகுதியை 32-பிட்டாக உருவாக்குங்கள், தனி எக்ஸியாகவே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் மட்டும் ஓடக்கூடிய துண்டு அது ஒன்றுதான். ஆக்சஸ் போகும் அன்று அதையும் தூக்கிப் போட்டுவிடலாம். லினக்ஸுக்கு நகர்த்தும் நாள் வந்தால், அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அது வேறு ஃபைல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உபுண்டு போட்ட கடைக்கு இப்போதைக்கு, லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் ஒயினில் உங்கள் விபி6 புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். 1993-இல் தொடங்கிய திட்டம் அது, விபி6 புரோகிராம்கள் பல அதில் ஓடுகின்றன. ஆனால் ஜெட் இன்ஜினைத் தனியாக ஏற்ற வேண்டும், பிரிண்டரைச் சோதிக்க வேண்டும். ஓடினால் ஓடட்டும், கடைக்காரரிடம் உறுதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பிரிண்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1-ஐத் திறந்து நேரடியாக எழுதும் நிரல் உங்களிடம் இருக்கும். புதுக் கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. பிரிண்டரை ஷேர் செய்து எல்பிடி1 என்று பெயர் ஒட்டும் தந்திரம் தற்காலிகமாக உதவும். நிலையான வழி, விண்டோஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலரிடம் அந்தக் கட்டளைகளை மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொல்வது. லினக்ஸிலும் மேக்கிலும் கப்ஸ் என்ற அச்சு அமைப்பு இதையே செய்யும். பிரவுசரிலிருந்து டாட் மேட்ரிக்ஸுக்கு நேரடியாக அனுப்ப முடியாது. எனவே பில் அச்சும் சர்வர் புரோகிராமின் வேலையாகவே இருக்கட்டும். தெர்மல் பிரிண்டரில் தமிழ் வேண்டுமென்றால் பில்லைப் படமாக வரைந்து அனுப்புங்கள். அப்போது பிரிண்டருக்குத் தமிழ் தெரிகிறதா என்ற கேள்வியே எழாது.

ரிப்போர்ட் நன்றாக ஓடிய பிறகு சரக்கு, வாடிக்கையாளர் பதிவுகளை நகர்த்துங்கள். பில் போடுவதைக் கடைசியாக நகர்த்துங்கள். அப்போது ஒரு பரிசோதனையை விடாமல் செய்யுங்கள். பழைய பில்கள் அனைத்தையும் புதிய நிரலில் மறுபடி கணக்குப் போட வைத்து, ஒவ்வொன்றின் தொகையும் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விபி6-இன் ரவுண்ட் 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும், பாதி வந்தால் இரட்டை எண்ணின் பக்கம் போகும். சி ஷார்ப்பும் பைத்தானும் இயல்பாக அப்படியே செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் 2.5-ஐ 3 ஆக்கிவிடும். வரிக் கணக்கை பிரவுசரில் போட்டால் பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் பைசா இடிக்கும். அதனால் கணக்கு சர்வரில் மட்டும் நடக்கட்டும், பணத்தை முழு எண்ணாகப் பைசாவில் சேமியுங்கள். வரி விகிதத்தையும் தேதியோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறினவே, அதற்கு முந்தைய பில்லைப் பழைய விகிதத்தில்தான் சோதிக்க முடியும். 20 வருட பில்கள் கையில் இருக்கின்றன உங்களுக்கு. பெரிய நிறுவனங்களிடம்கூட இவ்வளவு நல்ல சோதனைத் தரவு இருக்காது.

சோதிப்பதற்கு 40 கடை தேவையில்லை. உங்கள் கணினியில் விண்டோஸ் 10, 11, உபுண்டு மூன்றையும் மெய்நிகர் கணினிகளாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வேண்டுமென்றே மோசமாக அமையுங்கள். அமெரிக்கத் தேதி அமைப்பு, அட்மின் அல்லாத யூசர், 125 சதவீதத் திரைப் பெருக்கம். யூசர் பெயரையே தமிழில் வையுங்கள், ஃபோல்டர் பாதையில் தமிழ் வந்தவுடன் விபி6-இன் ஃபைல் கட்டளைகள் தடுமாறுவதைப் பார்ப்பீர்கள். இந்த அமைப்பில் ஓடினால் பெரும்பாலான கடைகளில் ஓடும்.

விண்டோஸ் 7 கடைகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். 2020 ஜனவரி 14-உடன் அதற்கு ஆதரவு முடிந்தது. புதிய கருவிகளும் அதை விட்டு நகர்ந்துவிட்டன. பைத்தான் 3.8, கோ 1.20, எலக்ட்ரான் (வலைத் தொழில்நுட்பத்தில் கணினிச் செயலி எழுதும் கருவி) 22 இவைதான் அதில் ஓடிய கடைசிப் பதிப்புகள். டாட்நெட் 8-க்கு விண்டோஸ் 10 வேண்டும். ஓரிரு கடைகளுக்காகப் பழைய கருவியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லோரையும் பின்னால் இழுக்காதீர்கள். குரோம் 109 அதில் ஓடும் கடைசிக் குரோம். உங்கள் பக்கங்களை அதிலும் திறக்கும்படி எளிமையாக எழுதினால், சர்வர் விண்டோஸ் 11-இல் இருக்க, பழைய கணினியை இரண்டாவது கவுண்டராக வைத்துக்கொள்ளலாம். அதற்கு இன்டர்நெட் இணைப்பு மட்டும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அந்தக் கடைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

எந்தெந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு வரை என்று ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, 40 கடைகளுக்கும் கொடுங்கள். விண்டோஸ் 7-க்கு ஒரு கடைசித் தேதியும் அதில் இருக்கட்டும். கூடவே ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் எழுதுங்கள். நீங்கள் கட்டணம் வாங்குவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பல வருடம் முன்பு ஒருமுறை வாங்கிய தொகைக்கு இன்றுவரை ஓடி ஓடிச் சரிசெய்கிறீர்களோ என்று தோன்றுகிறது. விண்டோஸ் மாறும்போதெல்லாம் மென்பொருளைச் சோதித்துத் திருத்துவது ஒவ்வொரு வருடமும் வரும் வேலை. அதற்குக் கடைக்காரர்கள் பணம் கொடுப்பார்கள், ஒரு நாள் பில் நின்றால் என்ன நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். விர்ச்சுவல்ஸ்டோரைப் பார்க்க இந்த வாரம் கடைகளுக்குப் போகிறீர்கள் அல்லவா, அப்போதே பேசிவிடுங்கள்.